மூடுதலும் மறைத்தலும்: அந்தமான் சாலையில் உரிமம் பெற்ற துப்பாக்கி

இந்தியாவில் தற்காப்புக்கெனத் துப்பாக்கி உரிமம் பெறுபவர் கையில் கிடைக்கும் தாளில் பெரும்பாலோர் படிக்காமல் விடும் நிபந்தனை ஒன்று உண்டு. தனியாக அனுமதி பெற்றாலன்றி, உரிமத்துக்குரிய ஆயுதத்தைச் சந்தைத் திருவிழாவுக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, பிற பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளோ சுற்றெல்லைக்குள்ளோ கொண்டு செல்லலாகாது என்கிறது அது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையொட்டி 1962இல் வந்த விதிகளின் கீழ் வழங்கப்பட்ட உரிமங்களில் இடம்பெற்ற இந்த நிபந்தனை, அவ்விதிகளை அகற்றி வந்த 2016ஆம் ஆண்டு விதிகளின் காலத்திலும் தொடர்கிறது.

வளாகம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மதிலும் வாயிலும் காட்டிவிடும். சுற்றெல்லை என்பது எதுவரை? பள்ளி வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையா, பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கும் நிழற்குடையா, மதிலை உரசிக்கொண்டு போகும் நெடுஞ்சாலையா? உரிமத் தாள் விடை சொல்வதில்லை. உறையிட்ட கைத்துப்பாக்கியோடு காரை ஓட்டிக்கொண்டு பள்ளியைக் கடந்து செல்பவர் நிபந்தனையை மீறினாரா என்பது, இந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு அகலம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கா இதே சிக்கலை அடிக்கணக்கில் தீர்க்க முயன்றது. 1990இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து 1000 அடி வரையுள்ள பகுதியைத் துப்பாக்கியற்ற வலயம் என வரையறுத்தது. 1992இல் டெக்சாஸின் சான் அந்தோனியோ நகரில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கைத்துப்பாக்கியை மறைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு இத்தகைய சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு இயலாது என்று 1995இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே சட்டம் திருத்தத்தோடு மீண்டும் வந்தது. அதன் விலக்குகள் கவனிக்கத்தக்கவை: பள்ளி இருக்கும் மாநிலமே உரிமம் வழங்கியவருக்கு 1000 அடித் தடை இல்லை, குண்டு நீக்கிப் பூட்டிய பெட்டியில் வண்டியில் கொண்டுசெல்பவருக்கும் இல்லை. நகரத்தில் எந்தத் தெருவில் ஓட்டினாலும் ஏதோ ஒரு பள்ளியின் 1000 அடிக்குள் நுழையத்தான் வேண்டும் என்பதால், இவ்விலக்குகள் இல்லாமல் அச்சட்டம் நடைமுறைக்கு உதவாது.

இந்தியச் சட்டத்தின் உண்மையான வேறுபாடு தூரத்தில் இல்லை. 'மறைத்தல்' என்ற வினையில் இருக்கிறது. லிட்டன் ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதை ஒரு குற்றமாகவும், அதை அரசு ஊழியர் அறியக்கூடாது என்ற நோக்கம் தெரியும்படி செய்வதை அதனினும் பெரிய குற்றமாகவும் பிரித்தது. பின்னதற்குத் தண்டனை 7 ஆண்டுகள் வரை நீளும். விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 26ஆம் பிரிவில் அதே பாகுபாட்டைக் காத்தது. ஆனால் யாரிடமிருந்து மறைக்கக்கூடாது என்ற பட்டியலை நீட்டியது. வானூர்தி, கப்பல், வண்டி ஆகியவற்றில் பணியாற்றுவோரும் அதில் சேர்ந்தனர்.

இந்தப் பின்னணியோடு 2016ஆம் ஆண்டு விதிகளின் 32ஆம் விதியைப் படித்தால் முதலில் திகைப்பே ஏற்படும். பொது இடத்தில் துப்பாக்கியைக் கொண்டு செல்பவர் அதை முழுவதும் மூடியே கொண்டு செல்ல வேண்டும் என்கிறது அது. கைத்துப்பாக்கியாயின் உடலோடு பிணைத்த உறையிலோ, முதுகுப்பை போன்ற ஒன்றிலோ இருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மறைப்பை ஐயத்தோடு பார்த்த சட்டமரபு திடீரென மறைக்கச் சொல்வது ஏன்?

விடையின் ஒரு பகுதி, வாசகத்தின் பிறப்பிடத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84ஆம் பிரிவை இதன் அருகே வைத்துப் படித்தால், உறை, முதுகுப்பை, முழுவதும் மூடுதல், கட்டுப்பாடு என அதே அடுக்கு, ஏறக்குறைய அதே சொற்களில் கிடைக்கும். 'துப்பாக்கியற்ற வலயம்' என்ற தொடரும் அங்கிருந்தே வருகிறது. சட்டங்களும் மொழிகளைப் போலவே கடன் வாங்குகின்றன. கடன் சொல் வந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த சொல்லோடு மோதுவதும் இயல்பே.

மற்றொரு பகுதி பொருளில் இருக்கிறது. 26ஆம் பிரிவு பேசுவது அதிகாரியின் கண்ணிலிருந்து மறைப்பதை. 32ஆம் விதி பேசுவது பொதுமக்களின் கண்ணிலிருந்து மூடுவதை. முன்னது ஏய்ப்பு; பின்னது அடக்கம். உரிமம் பெற்றவர் மூடித்தான் வைத்திருக்க வேண்டும், ஆனால் 19ஆம் பிரிவின்படி காவல் அலுவலர் கேட்டவுடன் உரிமத்தைக் காட்டவும் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்வது தனி உரிமம் வேண்டிய சலுகையாக வளர்ந்தது. இங்கே அது உரிமத்தோடு வரும் கடமை. தமிழில் மறைத்தல், மூடுதல் என்று இரு வினைகள் தனித்தனியே நிற்பதால் இந்த நுட்பத்தை ஆங்கிலத்தைவிடத் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அந்தமான் தீவுகளில் இந்த இரு வினைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பில் துப்பாக்கி என்பது காட்டுவதற்கே இருந்தது. சில நூறு காவலர் பல்லாயிரம் கைதிகளைக் கட்டியாள, தோளில் தெரியும் துப்பாக்கியே பாதி வேலையைச் செய்தது. 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை ஹோப்டவுன் துறையில் வைஸ்ராய் மேயோ பிரபுவைச் சுற்றி அத்தகைய காவல் இருந்தது. முடிதிருத்தும் பணி பார்த்த ஷேர் அலி என்ற கைதியின் கையில் இருந்ததோ மறைத்து வைத்த ஒரு கத்தி.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1863இல், ராஸ் தீவில் பாதிரியார் ஹென்றி கார்பின் 'அந்தமான் இல்லம்' ஒன்றை அமைத்தார். அந்தமானியப் பழங்குடியினரைக் கொண்டுவந்து வைத்து, ஆங்கிலம் கற்பித்து, 'நாகரிகப்படுத்தும்' முயற்சி அது. அங்கிருந்தவர்கள் விரும்பியபோது வெளியேற முடியாதபடி காவலில் வைக்கப்பட்டனர். பின்னாளில் அத்தீவுகளின் நிர்வாகத்தில் இருந்த போர்ட்மன், 1899இல் வெளிவந்த தம் நூலில் இவ்வரலாற்றை விரிவாகவே பதிந்திருக்கிறார். பழங்குடியினருக்காகத் தண்டனைக் குடியிருப்பு எழுப்பிய முதல் கல்விக்கூடம் இப்படிக் காவலோடுதான் பிறந்தது. பள்ளி வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று இன்று எளிதாகச் சொல்லும்போது, இந்தத் தொடக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

விடுதலைக்குப் பின் துப்பாக்கி வேறொரு வழியில் கிராமங்களுக்கு வந்தது. 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்டனர். காடு திருத்தி வயல் அமைத்தனர். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான், வேட்டையாடும் பெருவிலங்கு எதுவும் இல்லாத தீவுகளில் பெருகிப் பயிரை மேய்ந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்குக் கேட்கும் குடிமகனைக் கைத்துப்பாக்கி கேட்பவரைவிடக் கனிவாகவே நடத்துகிறது. அந்தமானில் உரிமம் பெற்ற துப்பாக்கி என்றால் திரைப்படங்கள் காட்டும் இடுப்புறைக் கைத்துப்பாக்கியை அல்ல, உழவர் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் நீண்ட குழலையே முதலில் நினைக்க வேண்டும்.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் குழலுக்கு ஓர் அளவுகோலை வைத்தது. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர், தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிய வேண்டும். அவர் இசைவின்றி அவ்வெல்லைக்குள் புதிய உரிமமும் வழங்கக்கூடாது என்கிறது 34ஆம் பிரிவு. அந்தமான் நிக்கோபாரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சரணாலயங்கள் உள்ளன. பலவும் ஆளில்லாச் சிறு தீவுகள். வரைபடத்தில் ஒவ்வொன்றையும் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் குடியிருப்புகளில் பெரும்பகுதி அவற்றுக்குள் அடங்கிவிடும். ஆக, மானுக்கும் பறவைக்கும் கிலோமீட்டர்க் கணக்கில் எல்லை அளந்த அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு 'சுற்றெல்லை' என்ற அளவில்லாச் சொல்லோடு நின்றுவிட்டது. இதைக் கவனக்குறைவு என்று மட்டும் கருத இயலாது. காட்டில் துப்பாக்கி செய்யும் வேலையை அரசு நன்கு அறிந்திருந்தது. பள்ளியருகே அது வரக்கூடும் என்று அக்காலத்தில் எவரும் பெரிதாக எண்ணவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தமான் நெடுஞ்சாலையில் இந்தச் சொல்லின் சிக்கல் கண்கூடாகிறது. பெருந்தீவுகளை இணைக்கும் தரைவழி அது ஒன்றே. பள்ளியும் சந்தையும் காவல் நிலையமும் அதை ஒட்டியே அமைந்த ஊர்கள் பல. உரிமம் பெற்ற ஆயுதங்களைத் தேர்தல் காலத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போது, தம் துப்பாக்கியைத் துணியில் சுற்றி வண்டியில் வைத்துக் காவல் நிலையத்துக்குப் புறப்படும் உழவர் பள்ளி வாயிலைக் கடந்தே ஆக வேண்டும். வேறு சாலை இல்லை. சட்டத்துக்கு ஏற்ற வாசிப்பு, சாலை பொது இடம், சுற்றெல்லை அல்ல என்பதாகவே இருக்க முடியும். அவ்வாறு கொள்ளாவிட்டால் அரசின் ஆணைக்குக் கீழ்ப்படிவதே நிபந்தனை மீறலாகிவிடும். அதே உழவர் பேரனை அழைத்துக்கொள்ள வண்டியைப் பள்ளி வாயிலுக்குள் திருப்பினால், அந்தக் கணமே கதை வேறு.

சாலை மத்திய நீரிணையை அடையும்போது வண்டிகள் படகில் ஏறிப் பாரடாங் தீவுக்குச் செல்கின்றன. அங்கே 20ஆம் பிரிவு உடன் வருகிறது. ஒருவர் ஆயுதத்தைச் சட்டவிரோத நோக்கத்தோடு கொண்டு செல்கிறார் என்று ஐயுற நியாயமான காரணம் இருந்தால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கலத்தில் பணியாற்றுபவரும் அவரைப் பிடிக்கலாம். சீருடை அணியாத படகுத் தொழிலாளிக்கு இந்நாட்டுச் சட்டம் தரும் அதிகாரங்களில் இது வியப்பானது.

படகுத்துறைக்கு முன்னதாக, ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் காவலரின் துணையோடு வரிசையாகவே செல்ல வேண்டும், இடையில் நிற்கலாகாது. அது ஜாரவாக்களின் காடு. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் ஒதுக்கப்பட்டது. இக்காட்டினூடே சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்ட பிறகும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பன்றி வேட்டைக்காகக் குடியேறிகள் துப்பாக்கியோடு இக்காட்டில் நுழைவது ஜாரவாக்களின் நீண்டகாலக் குறை. வயலுக்கென வாங்கிய குழல் காட்டுக்குள் போனால் உரிமம் அதைக் காப்பதில்லை.

இக்காட்டுக்குள்ளேயே, ஜாரவாச் சிறாருக்கு அவர்கள் மொழியையும் வாழ்முறையையும் ஒட்டிக் கற்பிக்கும் முயற்சி ஒன்றையும் ஆதிம ஜனஜாதி விகாஸ் சமிதி நடத்திவருகிறது. ஓலை வேய்ந்த திறந்த குடிலுக்கு மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. அதன் வளாகம் எங்கே முடிகிறது, சுற்றெல்லை எங்கே தொடங்குகிறது என்பதை உரிமத் தாளின் அந்த வரியைக் கொண்டு எவராலும் காட்ட முடியாது.