நெப்ராஸ்கா: ஜீன்ஸ் பாக்கெட்டில் கிடந்த ஆல்பம்

1982. அமெரிக்க இசைச் சந்தை பளபளப்பாக மாறிக்கொண்டிருந்த வருடம். எம்டிவி தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ரேடியோவில் எங்கு பார்த்தாலும் சின்தசைசர் சத்தம். அக்டோபர் 1ஆம் தேதி ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. அதற்குச் சரியாக ஒரு நாள் முன்பு, ஒரு முன்னணி ராக் பாடகர், வீட்டில் கேசட்டில் பதிவு செய்த பாட்டுகளை அப்படியே ஆல்பமாக வெளியிட்டார். அவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். ஆல்பத்தின் பெயர் 'நெப்ராஸ்கா'.

ஸ்பிரிங்ஸ்டீன் பாடுவது 'ஹார்ட்லேண்ட் ராக்' வகை. ஆலைத் தொழிலாளிகள், சிறு நகரங்கள், பழைய கார்கள், இவைதான் அதன் உலகம். 1980இல் வந்த அவருடைய 'தி ரிவர்' அமெரிக்கப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? இன்னும் பெரிய ஸ்டுடியோ, இன்னும் பெரிய சத்தம், இன்னும் பெரிய டூர். வியாபாரக் கணக்கு அப்படித்தான் சொல்லும்!

அவர் செய்தது வேறு. 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாகப் பாடினார். பெரும்பாலும் கிட்டார், ஹார்மோனிகா, இரண்டு மைக். பேண்டுக்குப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு டெமோ, அதுதான் நோக்கம். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார்.

பிறகு நியூயார்க்கில் ஸ்டுடியோவில் ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது. கடைசியில் கேசட்டையே வெளியிடுவது என்று முடிவானது. அதிலும் சிக்கல்! இரைச்சலும் மங்கலான ஒலியும் கொண்ட அந்தப் பதிவை இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குள் இன்ஜினியர்கள் படாத பாடு பட்டார்கள்.

அப்படி என்னதான் இருந்தது அந்தக் கேசட்டில்? பதில் பாட்டுகளின் பொருளில் இருக்கிறது. 1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் விகிதம் 10.8 சதவீதத்தைத் தொட்டது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு அதுவரை காணாத உயரம். 'ஜானி 99' பாட்டில் வருபவன், நியூ ஜெர்சியின் மாவா ஊரில் கார் ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவன். அந்த ஊரில் ஃபோர்டு ஆலை 1980இல் நிஜமாகவே மூடப்பட்டது. வேறு வேலை கிடைக்காமல், வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்க, குடித்துவிட்டு ஒரு ஆளைச் சுட்டுவிடுகிறான். 'அட்லாண்டிக் சிட்டி'யிலும் கடன்தான் ஒருவனைத் தப்பான வேலைக்குத் தள்ளுகிறது. கையில் காசில்லாத மனிதர்களின் கதையைப் பணக்காரத்தனமான சத்தத்தில் சொன்னால் ஒட்டுமா? நடுராத்திரியில் யாரோ சமையலறையில் உட்கார்ந்து தனக்குத்தானே புலம்புவது போன்ற அந்தக் குரல்தான் பொருத்தம். குறை என்று நினைத்ததே பலமாகிவிட்டது.

ஆல்பத்துக்காக டூர் கிடையாது. 'அட்லாண்டிக் சிட்டி' வீடியோவில் அவர் முகமே கிடையாது! அப்படியும் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கேசட் பதிவுகளில் 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' பாட்டும் இருந்தது. பேண்டோடு வாசித்தபோது அது மட்டும் வெடித்துக் கிளம்பியது. 1984இல் அதே பெயரில் வந்த ஆல்பம் உலகமெங்கும் விற்றுத் தீர்ந்தது. ஆக, பேண்டு மோசம் என்பதல்ல. எந்தப் பாட்டுக்கு எந்தச் சத்தம் என்பதுதான் கேள்வி.

பேண்டோடு பதிவு செய்த அந்த 'எலெக்ட்ரிக் நெப்ராஸ்கா' பாட்டுகள் 43 வருடம் கழித்து, 2025 அக்டோபரில் வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேசட்டை ஏன் அவரால் விடமுடியவில்லை என்பது புரியும்.