வடசென்னையின் கரம் ராணிகள்

தம்பி, தங்கச்சி, "படிக்கிற நேரத்தில என்ன கரம்?" என்று பலெர்மோவிலும் அம்மாமார் கேட்பதுண்டு. வடசென்னையில் அதே கரம் போர்ட் இரண்டு பெண்களை உலக மேடை வரை கொண்டுபோனது.

வியாசர்பாடி இளவழகியின் அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 17 வயதில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் எடுத்தார். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் வழங்கியது.

ஏன் கரம்? மைதானம் வேண்டாம், சப்பாத்து வேண்டாம். ஒரு பலகை, கொஞ்சம் பவுடர், குறி தவறாத விரல் போதும். காசும் இடமும் குறைந்த தெருக்களில் அது வேரூன்றியது அதனால்தான். ஒலிம்பிக்கில் கரம் இன்னும் இல்லை. ஆனாலும் நாங்கள் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதை இவர்கள் பயிற்சியாக எடுத்தார்கள்.