தோன் மியாங்கின் கழுகுகள்

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாத் நாணயத்தை டாலரின் பிடியிலிருந்து அவிழ்த்துவிட்டது. நாணயத்தின் மதிப்பு மளமளவெனச் சரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 56 நிதி நிறுவனங்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. பாங்காக்கில் பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. அதே ஆண்டில் நாட்டின் கால்பந்து லீகில் பட்டம் வென்றது விமானப்படையின் அணி.

அன்றைய தாய்லாந்துக் கால்பந்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வெற்றியின் பொருள் விளங்கும். பெரிய அணிகள் ஊர்களுக்குச் சொந்தமானவை அல்ல, அலுவலகங்களுக்குச் சொந்தமானவை. வங்கி, துறைமுகம், புகையிலைக் கழகம், காவல்துறை, முப்படைகள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி இருந்தது. 1996இல் தொடங்கிய லீகின் முதல் பட்டம் பாங்காக் வங்கிக்குப் போனது. தாய் விவசாயிகள் வங்கியின் அணி 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆசியக் கிளப்புகளின் சாம்பியனாகவே இருந்தது. நெருக்கடி வந்தபின் வங்கிகளுக்குக் கால்பந்து வேண்டாத செலவாகிவிட்டது. ஆசியாவை வென்ற அந்த அணி 2000இல் கலைக்கப்பட்டது. விமானப்படையை எந்த நெருக்கடியும் கலைக்க முடியாது. 1999இல் அது இரண்டாவது முறையும் பட்டம் வென்றது.

இந்த அணி பிறந்த இடம் பாங்காக்கின் தோன் மியாங். 1914 முதல் விமானங்கள் இறங்கிவரும் நிலம் அது. அங்கே இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவே விமானப்படையின் கோல்ஃப் மைதானம் நெடுங்காலமாக இருந்துவந்தது. 1937இல் விமானப்படை தனிப்படையாக உயர்ந்தது. கால்பந்து அணியும் அதே ஆண்டில் பிறந்ததுதான். மன்னர் வஜிராவுத் காலத்தில், 1916இல் தொடங்கிய அரச கோப்பைதான் அப்போது நாட்டின் உச்சப் பரிசு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அந்தக் கோப்பை திரும்பத் திரும்ப விமானப்படையின் கைக்கே வந்தது. சீருடை அணிந்தவர்களே நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. படைகளின் அணிகளுக்கு மைதானமும் நேரமும் சாப்பாடும் தட்டுப்பாடின்றிக் கிடைத்தன.

இந்த அணியின் கதையை ஒரே ஆளின் வாழ்க்கையாகச் சொல்லச் சொன்னால் நான் பியபோங் ப்யூ-ஓனைத்தான் சொல்வேன். 1959இல் பிறந்தவர், பிரசுவாப் கீரி கான் மாகாணத்துக்காரர். விமானப்படை அணியில் கோல்களாக அடித்துப் பெயர் வாங்கிய அவரை 1984இல் தென்கொரியாவின் லக்கி கோல்ட்ஸ்டார் கிளப் அழைத்துக்கொண்டது. 1985இல் அந்தக் கிளப் கொரிய லீகை வென்றது. 12 கோல்களோடு அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் பியபோங். சகவீரர்கள் கோலடிக்கப் பந்தை எடுத்துக்கொடுத்ததிலும் அவரே முதலிடம். தென்கிழக்காசியாவிலிருந்து போன ஒருவர் கொரியாவில் இரண்டு பட்டியல்களிலும் தலையில் நின்றார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பிறகு மலேசியாவின் பஹாங் அணிக்கு ஆடினார். கடைசியில் திரும்பி வந்தது விமானப்படைக்கே. தன் ஆட்ட வாழ்வை அங்கேதான் முடித்தார். நாளிதழ்கள் அவர் பெயருக்கு முன்னால் இன்றும் விமானப்படைப் பதவியைச் சேர்த்தே எழுதுகின்றன.

அவர் ஏன் திரும்பி வந்தார் என்ற கேள்விக்கு அந்தப் பதவியிலேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன். அந்தக் காலத்து ஆட்டக்காரருக்குக் கால்பந்து சோறு போடாது, வேலைதான் போடும். காலில் அடிபட்டாலும் வயது ஏறினாலும் படை அவரைத் தெருவில் விடாது. சம்பளம், குடியிருப்பு, மருத்துவம், ஓய்வூதியம் என எல்லாம் உண்டு. மாகாணத்து ஏழைப் பையனுக்கு ஒரு நல்ல இடதுகால் ஆயுள்முழுவதற்குமான அரசு வேலையாக மாறிய வழி இது. இராணுவ அணிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நன்மையைச் சட்டெனத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை.

படைக்கு வீரர்கள் வந்துசேர இன்னொரு வாசலும் இருந்தது. தாய்லாந்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் 21 வயதாகும் ஆண்கள் கட்டாயச் சேவைக்கான குலுக்கலுக்கு வரவேண்டும். பெட்டிக்குள் கைவிட்டுக் கறுப்புச் சீட்டு எடுத்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்புச் சீட்டு வந்தால் பட்டாளம். பள்ளிப் பருவத்திலேயே மூன்றாண்டு சேமப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கு விலக்கு உண்டு. நாள்முழுவதும் பந்தோடு திரிந்த பையன்களில் எல்லோருக்கும் அந்தப் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லை. சிவப்புச் சீட்டு விழுந்த ஆட்டக்காரருக்குப் படை அணியில் இடம் கிடைத்தால் துப்பாக்கியோடு பந்தையும் தொடரலாம்.

அலுவலக அணிகளின் இந்த உலகம் 2007இல் ஆட்டம்காணத் தொடங்கியது. அதுவரை தனியாக நடந்துவந்த மாகாண லீகிலிருந்து மேலே வந்திருந்த சோன்புரி அந்த ஆண்டு பட்டம் வென்றது. அலுவலகத்துக்குப் பதிலாக ஓர் ஊரே அணியாக வந்து நின்றது அங்கே. கடற்கரை நகரமே திரண்டு வந்து கத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, கிளப்புகள் முறையான நிறுவனங்களாக வேண்டும் என்ற ஆசியக் கூட்டமைப்பின் நிபந்தனை வந்தது. பணமுள்ளவர்களும் அரசியல்வாதிகளும் உள்ளே நுழைந்தார்கள். மாகாண மின்வாரியத்தின் அணியை அரசியல்வாதி நெவின் சிட்சோப் வாங்கி புரிராமுக்குக் கொண்டுபோனார். குரூங் தாய் வங்கி அணியின் இடத்தை ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் அணியான பாங்காக் கிளாஸ் எடுத்துக்கொண்டது.

இந்த நேரத்தில் விமானப்படை அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிக் கிடந்தது. புதிய நிபந்தனைகளுக்கு ஏற்ப அதுவும் சட்டையை மாற்றிக்கொண்டது: ஏர்ஃபோர்ஸ் யுனைடெட், ஏர்ஃபோர்ஸ் சென்ட்ரல், மறுபடியும் ஏர்ஃபோர்ஸ் யுனைடெட். ஊர் மட்டும் கிடைக்கவில்லை. அதன் மைதானமான தூபதேமி, பத்தும் தானி மாகாணத்தின் லாம் லுக் காவில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய பெரிய அரங்கம். சுற்றிலும் லட்சக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். ஆனால் அது படையின் நிலம், படையின் அணி. பக்கத்துத் தெருக்காரர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள யாரும் கற்றுத்தரவில்லை. சோன்புரிக்கும் புரிராமுக்கும் பின்னால் வந்தவர்களில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அணிக்குக் கொடி பிடித்தவர்கள். அந்த மாதிரி ஒரு கூட்டத்தைத் தேடிப்போகும் தேவை விமானப்படைக்கு எழுபது ஆண்டுகளில் ஒருமுறைகூட வந்ததில்லை.

2013இல் அது முதல் பிரிவுக்கு ஏறியது. மறு ஆண்டே இறங்கியது. 2017இல் மீண்டும் ஏறியது. 2018 பருவத்தில், லீகை 18 அணியிலிருந்து 16 ஆகக் குறைப்பதற்காக ஐந்து அணிகளைக் கீழே அனுப்பினார்கள். விமானப்படை, கடற்படை, போலீஸ் டெரோ என்று அந்த ஐந்தில் மூன்று சீருடை அணிகள். தரைப்படையின் ஆர்மி யுனைடெட் 2016லேயே இறங்கியிருந்தது. ஆக 2019இல் நாட்டின் சீருடை அணிகள் நான்கும் இரண்டாம் பிரிவில் ஒன்றாக நின்றன. அந்தப் பருவம் முடிந்ததும் 1916இல் தொடங்கிய ஆர்மி யுனைடெட் தன் கணக்கை மூடியது. அதற்குப் பிறகு ஏர்ஃபோர்ஸ் யுனைடெட் என்ற பெயரும் லீகில் இல்லை. தூபதேமி இருக்கும் லாம் லுக் காவின் கூ கோட் வரை மின்சார ரயில் வந்து சேர்ந்தது 2020 டிசம்பரில். அணி இருந்த காலத்தில் வந்திருந்தால் நகரத்துக் கூட்டம் வந்திருக்குமா என்ற கேள்வி எனக்குள் அவ்வப்போது எழுகிறது. வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்த அணிக்கு இல்லாதது பாதை மட்டுமல்ல.

இதற்கான சான்று அதே மாகாணத்திலேயே இருக்கிறது. 2018இல் விமானப்படையோடு சேர்ந்து இறங்கிய பாங்காக் கிளாஸின் மைதானமும் பத்தும் தானியில்தான். அது தன் பெயரிலேயே மாகாணத்தைச் சேர்த்துக்கொண்டு பிஜி பத்தும் யுனைடெட் ஆனது. 2019இல் இரண்டாம் பிரிவை வென்று ஏறியது. 2020-21 பருவத்தில் நாட்டின் சாம்பியன். இரண்டு அணிகளும் ஒரே நாளில் ஒரே படியில் நின்றவை. ஒன்றுக்கு முதலாளியின் பணமும் ஊரின் பெயரும் கைகொடுத்தன. இன்னொன்றுக்குத் தலைமையகம் கைகொடுத்துவந்தது. அது கையை எடுத்துக்கொண்டபோது தடுப்பதற்கு வாசலில் கூட்டம் இல்லை. போலீஸ் டெரோவும் அதே 2019இல் மேலேறியது. ஆனால் 2023-24இல் மறுபடி கீழே விழுந்தது.

1996 முதல் 2008 வரை லீகை வென்ற அணிகளின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பாங்காக் வங்கி, விமானப்படை, சின்தனா, பிஇசி டெரோ, குரூங் தாய் வங்கி, புகையிலைக் கழகம், பாங்காக் பல்கலைக்கழகம், சோன்புரி, மின்வாரியம். ஒன்பது பெயர்கள். இன்றும் அதே பெயரோடு, அதே ஊரில் இருப்பது சோன்புரி ஒன்றுதான். மற்றவை விற்கப்பட்டன, இடம்பெயர்ந்தன, பெயர் மாறின அல்லது மறைந்தன. புதிய கிளப்புகளில் பல தங்கள் வரலாற்றைத் தாங்கள் வாங்கிய நாளிலிருந்து எழுதத் தொடங்குகின்றன. 1997, 1999 பட்டங்களைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு ஒரு கிளப்கூட இல்லை. அவற்றை வென்ற ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் பலர் படையின் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களாக இருக்கக்கூடும். அவர்கள் நினைவில் இருப்பதைப் பதிவு செய்யும் பொறுப்பைத் தாய்லாந்துக் கால்பந்துச் சங்கம் ஏற்கவேண்டும், அவர்கள் நலமாக இருக்கும்போதே.