ரவுட்டர்களில் மாற்று நிலைப்பொருள்

மாற்று நிலைப்பொருள் என்பது, வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள வைஃபை ரவுட்டரில் அதன் தயாரிப்பாளர் பதித்து அனுப்பிய மென்பொருளுக்குப் பதிலாக, பிறர் எழுதி வெளியிட்ட மென்பொருளை நிறுவிப் பயன்படுத்துவதாகும். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுந்த ஓர் உரிமச் சிக்கலிலிருந்து இந்த வழக்கம் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் இமயமலைச் சரிவிலுள்ள தரம்சாலாவுக்கு வந்தது. அதே காலத்தில் தேனி மாவட்டத்தில் கண் மருத்துவத்துக்காக அமைந்த வைஃபை வலையமைப்பும் ரவுட்டரின் மென்பொருளை மாற்றி எழுதியே இயங்கியது. எட்டாத இடத்திலுள்ள ரவுட்டரில் மென்பொருளை எப்படிப் பழுதின்றி மாற்றுவது என்பதற்கான நல்ல பாடங்கள் பல இந்த இரண்டு இடங்களிலிருந்தும் கிடைத்தன.

நிலைப்பொருள்

ரவுட்டர் ஒரு சிறிய கணினி. அதில் செயலி, நினைவகம், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம், வானொலிச் சில்லு ஆகியவை உள்ளன. ஃபிளாஷில் பதிந்திருக்கும் மென்பொருளே ஃபர்ம்வேர் என்று வழங்கும் நிலைப்பொருள். ஃபிளாஷின் தொடக்கத்தில் பூட்லோடர் என்னும் சிறு நிரல் இருக்கும். மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடுவது இதுதான். இது இயங்குதளத்தைத் தேடி எடுத்து ஓடவிடும். நிலைப்பொருளை மாற்றும்போது இயங்குதளம் கெட்டாலும் பூட்லோடர் பிழைத்திருந்தால் கருவியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பூட்லோடரும் அழிந்தால் கருவி எதற்கும் அசையாது. இதை ஆங்கில வழக்கில் செங்கல் ஆகிவிட்டது என்பார்கள்.

தொடக்கம்

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் அந்த நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. அந்த ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை நிரலாளர்கள் கண்டுகொண்டனர். 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் லினக்ஸ் கருநிரல் உருவாக்குநர்களிடம் இதை எடுத்துரைத்தார். லினக்ஸ் குனூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியாவது. அதைக் கருவியில் வைத்து விற்பவர், கேட்பவருக்கு மூலநிரலையும் தர வேண்டும். லிங்க்சிஸ் அதைத் தந்திருக்கவில்லை. வற்புறுத்தலுக்குப் பின் அதே ஆண்டில் மூலநிரல் வெளியிடப்பட்டது.

மூலநிரல் கைக்கு வந்தபின் மாற்றங்கள் விரைந்தன. அந்த ரவுட்டரின் பிங் சோதனைப் பக்கம், பயனர் தட்டச்சு செய்வதைச் சரிபார்க்காமல் அப்படியே ஓடவிட்டது. இந்த ஓட்டையைப் பயன்படுத்தி பூட்வெயிட் என்ற அமைப்பை இயக்க முடிந்தது. அதை இயக்கினால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பூட்லோடர் சில நொடிகள் நின்று, கம்பிவழியாகப் புதிய நிலைப்பொருள் ஏதும் வருகிறதா என்று பார்க்கும். தவறான நிலைப்பொருள் ஏறிவிட்டாலும் அந்தச் சில நொடிகளில் சரியானதை அனுப்பி மீட்கலாம். புதியதை ஏற்றுமுன் திரும்பிவரும் வழியை உறுதிசெய்துகொள்ளும் பழக்கம் இவ்வாறு முதல் ரவுட்டரிலேயே தோன்றியது.

கிளைத்த திட்டங்கள்

ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004 ஜனவரியில் தொடங்கியது. முதலில் லிங்க்சிஸ் தந்த மூலநிரலை அடிப்படையாகக் கொண்டிருந்த இது, பின்னர் தேவையான மென்பொருள் பொதிகளைத் தனித்தனியே சேர்க்கவும் நீக்கவும் கூடிய முழு லினக்ஸ் வழங்கலாக வளர்ந்தது. 2005இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செபாஸ்டியன் காட்ஷால் டிடி-டபிள்யூஆர்டியைத் தொடங்கினார். பெயரிலுள்ள டிடி அந்த நகரின் வாகனப் பதிவெழுத்து. 2006இல் ஜொனாதன் சராட்டே எளிய முகப்புகொண்ட டொமேட்டோவை வெளியிட்டார்.

2005இல் வந்த டபிள்யூஆர்டி54ஜியின் ஐந்தாம் பதிப்பில் லிங்க்சிஸ் லினக்ஸை விட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற தனியுரிமை இயங்குதளத்துக்கு மாறியது. ஃபிளாஷ் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும், நினைவகம் 16 மெகாபைட்டிலிருந்து 8 ஆகவும் குறைந்தன. பெட்டியின் நிறமும் வடிவமும் மாறவில்லை. பழைய பதிப்புக்கான கோப்பைப் புதிய பதிப்பில் ஏற்றினால் ரவுட்டர் கெட்டுவிடும். அடிப்பகுதி ஒட்டுச்சீட்டிலுள்ள வன்பொருள் பதிப்பெண்ணைப் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது என்ற விதி இதனால் அழுத்தம் பெற்றது. லினக்ஸ் விரும்புவோருக்காகப் பழைய வன்பொருளை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் லிங்க்சிஸ் தொடர்ந்து விற்றது.

உரிமப் பூசல் அத்துடன் ஓயவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் அது சமரசத்தில் முடிந்தது. 2016இல் ஓப்பன்டபிள்யூஆர்டியிலிருந்து ஒரு பகுதியினர் லீட் என்ற பெயரில் பிரிந்தனர். 2018 ஜனவரியில் இரண்டும் மீண்டும் இணைந்தன.

தரம்சாலா

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெளிப்புற வைஃபைக்குத் தனி உரிமம் தேவையில்லை என்ற அறிவிப்பு 2005 ஜனவரியில் வந்தது. அடுத்த மாதமே இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் கம்பியில்லா வலைப்பின்னல் ஒன்று இயங்கத் தொடங்கியது. இதுவே பின்னர் ஏர்ஜல்தி என்று அறியப்பட்டது. திபெத்திய ஏதிலியரின் பள்ளிகளும் அலுவலகங்களும் மலைச்சரிவில் சிதறிக் கிடந்த ஊர் அது. கம்பி இழுக்க வழியில்லாத அந்தச் சரிவில், விலை குறைந்த டபிள்யூஆர்டி54ஜிஎல் ரவுட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டியைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றி ஏற்றி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் வலையை அமைத்தார்கள். வீட்டுக்குள் வைக்கச் செய்த கருவி, மழையும் குரங்குகளும் உள்ள கூரைமேல் உழைத்தது. சில ஆண்டுகளில் பயனர் எண்ணிக்கை ஏறத்தாழ 10,000 ஆனது.

தேனி

அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். தேனியிலுள்ள அதன் கிளை 1985இல் உருவானது. ஊர்ப்புறத்து நோயாளி ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்து மருத்துவமனைக்கு வருவதைத் தவிர்க்க, சிற்றூர்களில் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கு பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியிலிருக்கும் மருத்துவர் காணொளி வழியாக நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். இதற்கு நல்ல இணைப்பு தேவைப்பட்டது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டயர் ஆய்வுக்குழு, அரவிந்துடன் சேர்ந்து நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அமைத்தது. கோபுரங்களிலும் கூரைகளிலும் ஓர் ஆலையின் புகைபோக்கியிலும்கூட ஆன்டெனாக்கள் பொருத்தப்பட்டன. மிக நீண்ட இணைப்பு சுமார் 15 கிலோமீட்டர். இங்கு வீட்டு ரவுட்டர் பயன்படவில்லை. லினக்ஸ் ஓடும் சிறிய ஒற்றைப்பலகைக் கணினியும் அதில் செருகிய வைஃபை அட்டையும் பயன்பட்டன. ஆயினும் செய்த வேலை ஒன்றே: தயாரிப்பாளர் எண்ணியிராத வேலையை, மென்பொருளை மாற்றிக் கருவியிடம் வாங்குவது.

வைஃபை நெறிமுறை ஒரு வீட்டின் தூரத்துக்காக வகுக்கப்பட்டது. ஒரு பொதியை அனுப்பிய ரவுட்டர், கிடைத்தது என்ற பதிலுக்காகச் சிறிது நேரமே காத்திருக்கும். வராவிட்டால் பொதி தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். வானொலி அலை 15 கிலோமீட்டரைக் கடக்க 50 மைக்ரோநொடியும், போய்த் திரும்ப 100 மைக்ரோநொடியும் ஆகும். மாற்றப்படாத ரவுட்டர் அதற்குள் பொறுமையிழந்துவிடும். காத்திருக்கும் நேரத்தை நீட்டினால் இணைப்பு கிடைக்கும். ஆனால் வேகம் குன்றும். ஆகவே டயர் குழு, முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டை அட்டையின் இயக்கியிலேயே எழுதியது. ஒரு முனை குறித்த நேரம் பேசும், மறுமுனை கேட்கும், பிறகு முறை மாறும். பதில்களும் மொத்தமாகச் செல்லும். வைல்ட்நெட் என்ற இந்த முறை 2007இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது.

வெனிசுவேலாவில் எர்மானோ பியட்ரோசெமோலி 2006இல் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிய லிங்க்சிஸ் ரவுட்டர்களைக்கொண்டு 279 கிலோமீட்டர் தூரத்தை இணைத்துக் காட்டினார். பின்னர் 382 கிலோமீட்டர் இணைப்பில் டயர் குழுவின் முறையைப் பயன்படுத்தியபோது வேகம் பல மடங்கு கூடியது.

தேனியில் கற்றவை

தேனி, தரம்சாலா அனுபவங்களைத் தொகுத்த ஆய்வுக்கட்டுரை 2008இல் வெளியானது. அப்போது அரவிந்தின் வலையமைப்பு வழியாக மாதம் சுமார் 3,000 நோயாளிகள் காணொளி ஆலோசனை பெற்றுவந்தனர். இணைப்பு அறுந்தால் பார்வை மையத்தில் காத்திருப்பவர் அன்று மருத்துவரைக் காண முடியாது.

வலையமைப்பைப் பெரிதும் வாட்டியது மின்சாரம். ஊர்ப்புற மின்கம்பியில் 1,000 வோல்ட் வரை திடீர் எழுச்சிகளும் 70 வோல்ட்டுக்குக் கீழான தாழ்வுகளும் பதிவாயின. எழுச்சி மின்வழங்கியை எரித்தது. தாழ்வு செய்த கேடு நுட்பமானது. ரவுட்டர் முழுதும் அணையாமலும் சரியாக ஓடாமலும் இடைநிலையில் சிக்கி நின்றது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் நினைவக அட்டைகள் சிதைந்தன. கோபுரத்தின்மேல் இருக்கும் கருவியை ஏறிப் பார்ப்பதும் எளிதன்று.

இவற்றுக்குக் கண்ட தீர்வுகள் எளியவை. நினைவக அட்டையைப் படிக்க மட்டும் திறந்துவைத்து, தேவையின்றி எழுதுவதைத் தடுத்தனர். மென்பொருள் உறைந்தால் தானாக மறுதொடக்கம் செய்யும் காவல் சுற்றைப் பயன்படுத்தினர். நன்றாக ஓடுவதாக நிரூபணமான பழைய கருநிரலை அழிக்காமல் வைத்து, புதியது தொடங்கத் தவறினால் பழையதற்கே திரும்பும்படி செய்தனர். முகவரி அமைப்பில் பிழை நேர்ந்தாலும் பக்கத்து ரவுட்டரிலிருந்து நுழையக்கூடிய மாற்றுவழியையும் விட்டுவைத்தனர். பராமரிப்பு நாளடைவில் உள்ளூர்ப் பணியாளர்களின் கைக்கு மாறியது.

பாதுகாப்பாக நிறுவும் முறை

இருபது ஆண்டு அனுபவத்தில் திரண்ட நடைமுறை பின்வருமாறு.

பொருத்தம் பார்த்தல்: மாடலின் பெயரையும் வன்பொருள் பதிப்பெண்ணையும் ஒட்டுச்சீட்டில் பார்த்து, இரண்டும் ஆதரவுப் பட்டியலில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பழைய ரவுட்டர்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 வெளியீடே கடைசி. அவற்றில் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்பதால் புதிதாக ஏற்றுவதில் பயனில்லை.

மீட்புவழி அறிதல்: ஏற்றுமுன்பே மீட்கும் முறையைப் படித்துவைக்க வேண்டும். பல டிபி-லிங்க் ரவுட்டர்கள் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி தொடங்கினால் 192.168.0.66 என்ற முகவரியிலுள்ள கணினியில் கோப்பைத் தேடும். தயாரிப்பாளரின் மூல நிலைப்பொருளையும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். ரவுட்டர் கெட்டபின் இறக்க இணையம் இருக்காது.

நகலெடுத்தல்: வானொலிச் சில்லின் அளவீட்டுத் திருத்தங்களும் கருவியின் முகவரியும் ஃபிளாஷில் ஒரு தனிப் பகுதியில் இருக்கும். இவை ஒவ்வொரு கருவிக்கும் வேறானவை. அழிந்தால் வேறு ரவுட்டரிலிருந்து எடுத்து ஈடுசெய்ய முடியாது.

கோப்பைச் சரிபார்த்தல்: திட்டத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்கி, அங்கு தரப்பட்டுள்ள எஸ்ஹெச்ஏ256 எண்ணுடன் ஒப்பிட வேண்டும். முதல்முறை ஏற்றும் கோப்பும், பின்னர் புதுப்பிக்கும் கோப்பும் பெரும்பாலும் வெவ்வேறானவை.

ஏற்றுதல்: வைஃபை வழியாக ஏற்றக் கூடாது, கேபிளில் இணைக்க வேண்டும். ரவுட்டரையும் கணினியையும் யுபிஎஸ்ஸில் வைப்பது நல்லது. விளக்குகள் அசைவற்று நின்றாலும் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எழுத்துவேலை, பொறுமையிழந்து சுவிட்சை அணைத்ததால் பாதியில் நின்று கெடுவதுண்டு.

ஏற்றியபின்: நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் அமைத்து, நாட்டுக் குறியீட்டை இந்தியா என வைக்க வேண்டும். பலகையிலுள்ள சீரியல் முனையில் இணைத்து மீட்க நேர்ந்தால், பெரும்பாலானவை 3.3 வோல்ட்டில் இயங்குபவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கூடுதல் மின்னழுத்தம் சில்லை எரித்துவிடும்.

ஃபைபர் இணைப்புடன் நிறுவனம் தரும் பெட்டியில் இதைச் செய்யக் கூடாது. அதில் சந்தாதாரரை அடையாளம் காணும் விவரங்கள் உள்ளன. பெட்டியும் பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம். அதன் பின்னால் சொந்த ரவுட்டரை இணைத்துக்கொள்வதே முறை.

சட்டம்

மென்பொருளை மாற்றுபவர் அலைபரப்பும் திறனையும் அலைவரிசையையும் வரம்பு மீறி மாற்றலாம் என்பது கட்டுப்பாட்டு அமைப்புகளின் கவலை. 2016இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துடன் செய்த உடன்படிக்கையில் டிபி-லிங்க் 2,00,000 டாலர் செலுத்தியதுடன், மாற்று நிலைப்பொருளுக்கு இடமளிக்கவும் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் வேண்டாத இடம் விரிவாக்கப்பட்டது. நிலைப்பொருளை மாற்றினாலும் இந்த வரம்புகள் பயனரைக் கட்டுப்படுத்தும்.

மலைப்பகுதிகளில்

தேனியும் தரம்சாலாவும் தந்த பாடங்கள் ஜவ்வாது மலை போன்ற இடங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துள்ளது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கும் காவலூர் வானாய்வகமும், சிதறிய பழங்குடிச் சிற்றூர்களும் இதில் உள்ளன. ஜமுனாமரத்தூரில் ஒரு பள்ளியின் ரவுட்டர் செங்கல்லாகிவிட்டால், அதைச் சரிசெய்ய போளூருக்கோ திருப்பத்தூருக்கோ மலையிறங்க வேண்டும். நகரத்தில் அரை நாள் இடையூறாக முடிவது இங்கு பல நாள் இணையமின்மையாகும். மறுபுறம், தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரவுட்டருக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பதும், புதிது வாங்கும் செலவு மிச்சமாவதும் இங்கு அதிகம் பயன்படும். இத்தகைய இடங்களில் ஒரே மாடல் ரவுட்டர் இரண்டு வைத்திருந்து, ஒன்றில் சோதித்தபின் மற்றதில் ஏற்றுவது நல்ல வழி.

2024இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தன் பெயரிலேயே ஒரு ரவுட்டரை வெளியிட்டது. அதில் வழக்கமான நிலைப்பொருளுக்கு ஒரு ஃபிளாஷும், மீட்புக்கென எழுதவிடாமல் பூட்டிய மற்றொரு ஃபிளாஷும் உள்ளன. ஒரு சிறு சுவிட்சைத் தள்ளினால் கருவி இரண்டாவதிலிருந்து தொடங்கும். பழையதை அழிக்காமல் காத்துவைக்க வேண்டும் என்று தேனியின் கோபுரங்களில் கடைப்பிடித்த விதி, இதில் வன்பொருளாகவே அமைந்துள்ளது.