கிடுகு வீடு யாருடைய வீடு?

எங்கட ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பள்ளிவாசலை எழுதினார்கள், பாடசாலையை எழுதினார்கள். நாம் குடியிருந்த கிடுகு வீட்டுக்கு ஒரு பந்திக்கு மேல் ஒதுக்கியவர்கள் குறைவு. ஆனால் கிழக்குக் கரையோர முஸ்லிம்களின் குடும்ப அமைப்பை அந்த வீட்டை விட்டுவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது என்பதே என் எண்ணம்.

முதலில் கட்டுமானம். கப்பு நட்டு, குறுக்கே கம்பு வரிந்து, இரு பக்கமும் களிமண் அப்பிச் சுவர் எழுப்புவார்கள். வசதி குறைந்தவர்களுக்குச் செத்தைதான் சுவர். தென்னை மட்டையை நடுவால் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பின்னிக் காயவைத்தால் கிடுகு. எங்கட மூத்தம்மாவின் கை அரட்டிக்கொண்டே பின்னும். கூரையை இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி வேய்வார்கள். மேல் வரிசை கீழ் வரிசையை மூடவேணும். சரிவு குறைந்தால் தண்ணி தங்கி ஓலை உக்கிப்போகும். இறவாரம் தாழ்ந்திருப்பதால் குனிஞ்சுதான் உள்ளே போகலாம். மண்சுவரை மாரி மழை கரைக்காமல் காத்தது அந்தத் தாழ்வுதான். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், புதுக் கிடுகு போடுவார்கள்.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. யன்னல், விறாந்தை, குசினி மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். முகடு, வளை, கைமரம், இறவாரம் நம்முடையவை. போர்த்துக்கேயன் கூரையில் ஏறவில்லை போலும்!

இனி, வீடு யாருடையது? மகளுக்குக் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு சீதனமாக மகளுக்குப் போகும். உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சிறிதாய் ஒன்றைக் கட்டி ஒதுங்குவார்கள். அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அயலிலுள்ள தமிழரிடமும் இது உண்டு. மூத்தம்மாவின் வளவில் மூன்று வீடுகள், மூன்று பெண்மக்களுக்கு. மண் நிலத்தில் கிடந்தது, ஓலை மரத்தில் நின்றது, அயலவர் கைகொடுத்தார்கள். ஆகவே மூன்று வீடு கட்டியும் மூத்தப்பா கடன்படவில்லை.

1978 நவம்பர் 23 சூறாவளி கரையோரக் கூரைகளை அள்ளிக்கொண்டு போனது. பிறகு தகரம், ஓடு, சீமெந்து. கல்வீடு நல்லதுதான், கிடுகுக்குத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மகளுக்கு வீடு கொடுக்கும் கடமை அப்படியே நிற்க, வீட்டின் விலை மட்டும் ஏறியது. அந்த விலைக்காகவே மத்திய கிழக்குக்குப் போன வாப்பாமாரும் நானாமாரும் எத்தனை பேர்!

2004 சுனாமிக்குப் பின் வேறொன்று நடந்தது. புதிய வீடுகளைக் கையளிக்கையில் பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று கணவனின் பெயரைப் பதிந்தார்கள். கடல் கொண்டுபோன வீடோ மனைவியின் சீதன வீடு. இதைப் பற்றிப் பெண்கள் அப்போதே கேட்டார்கள்.

பழைய காணி உறுதிகள் நம் வீடுகளின் தகரப்பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. அவை யார் பெயரில் எழுதப்பட்டன என்று பார்த்துவரும்படி என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.