கிராபீன்: மேற்பரப்பில் ஒட்டும் அணுக்களின் விளைவு

கிராபீன் என்பது கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய, ஓரணுத் தடிமன் கொண்ட படலம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004-இல் இதைக் கிராஃபைட்டிலிருந்து தனியே உரித்தெடுத்தனர். 2010-இல் நோபல் பரிசு பெற்றனர். இப்படலத்துக்கு உட்புறம் என்று ஒன்று கிடையாது. எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. ஆகவே மேலே ஒட்டும் சில அந்நிய அணுக்களே இதன் மின் இயல்பையும் காந்த இயல்பையும் மாற்றிவிடுகின்றன.

தூய கிராபீனில் இணைதிறன் பட்டையும் கடத்துப் பட்டையும் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. அதனால் சிறிதளவு எலக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ கடத்தல் மாறிவிடும். பொட்டாசியம் அறுகோணத்தின் நடுவே அமர்ந்து எலக்ட்ரானைக் கொடுக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு எடுத்துக்கொள்ளும். கொடுப்பதிலும் ஒரு நஷ்டம் உண்டு: எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடினாலும், எஞ்சி நிற்கும் பொட்டாசியம் அயனி அவற்றைச் சிதறடிப்பதால் ஓட்டம் தளர்கிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவினர் 2008-இல் டெட்ராதயாஃபுல்வலீன் (கொடுப்பது), டெட்ராசயனோஎத்திலீன் (எடுப்பது) ஆகிய மூலக்கூறுகளைச் சேர்த்து, ராமன் நிறமாலையின் ஜி-பட்டை எதிரெதிர்த் திசைகளில் நகர்வதைக் காட்டினர்.

ஹைட்ரஜனின் வழி வேறு. அது ஒரு கார்பனின் தலைமேல் நேராகப் பிணைந்து, தட்டையான பிணைப்பை நான்முகியாக மாற்றுகிறது. 2009-இல் மான்செஸ்டரில் ஹைட்ரஜன் ஏற்றிய கிராபீன் மின்காப்புப் பொருள்போல நடந்துகொண்டது. 450 டிகிரி செல்சியஸில் சூடாக்கியதும் பழைய இயல்பு பெருமளவு திரும்பியது.

காந்தத்துக்கும் இந்த ஹைட்ரஜன் பிணைப்பே வாசல். அறுகோண வலை, ஒன்றுள் ஒன்றாகக் கோத்த இரண்டு உபவலைகளால் ஆனது. ஒன்றிலுள்ள ஒரு கார்பனில் ஹைட்ரஜன் ஒட்டினால் அந்தக் கார்பனின் எலக்ட்ரான் பிணைப்பில் சிக்கிவிடும். மற்ற உபவலையில் ஜோடியற்ற ஓர் எலக்ட்ரானின் காந்தச் சுழற்சி (ஸ்பின்) மிஞ்சும். 2016-இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் ஊடுபுழை நுண்ணோக்கியின் முனையால் ஹைட்ரஜன் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தனர். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒரே உபவலையில் நின்றால் காந்தத்தன்மை நிலைத்தது. வெவ்வேறு உபவலைகளில் அருகருகே நின்றால் மறைந்தது. இத்துறையின் மிகத் தெளிவான சான்று இதுவே.

ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் காந்த அணு ஒன்று கிராபீனில் அமர்ந்தால் நிகழும் கோண்டோ விளைவை (அந்த அணுவின் காந்தத்தைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மறைப்பதை) வாயில் மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தலாம் என்று 2008-இல் கே. சென்குப்தாவும், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனும் கணக்கிட்டனர்.

மொத்த மாதிரிகளைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் முடியவில்லை. ராவ் குழு 2009-இல் அறை வெப்பநிலையிலேயே ஃபெரோகாந்தத் தடயம் இருப்பதாகவும், எலக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறு அதை அதிகம் மாற்றுவதாகவும் அறிவித்தது. 2012-இல் மான்செஸ்டர் குழு ஃபுளோரின் ஏற்றிய கிராபீனில் பாராகாந்தம் மட்டுமே கண்டது. திரவ ஹீலியம் வெப்பநிலையிலும் காந்த ஒழுங்கு தோன்றவில்லை.

கிராபீனின் மூலப்பொருளுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை; கேள்வி தூய்மையைப் பற்றியது. சிவகங்கையில் கிராஃபைட் வெட்டப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழுவினர் 2012-இல் சர்க்கரையை மணல்மேல் சூடாக்கி, நீரைச் சுத்திகரிக்கும் கிராபீன் கலவையை உருவாக்கினர். நீர் வடிகட்டிக்கு இத்தகைய கலவையின் தூய்மை போதும், காந்த அளவீட்டுக்குப் போதாது. துளி இரும்பே பொய்யான காந்தக் குறியைக் கொடுத்துவிடும். எனவே காந்தக் கிராபீன் பற்றிய ஆய்வைப் படிப்பவர், மாதிரியில் இரும்பு எவ்வளவு என்று அளந்திருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.