காற்றும் சில்லும்: மின்சார வண்டியின் ஓட்டத்தூரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

காற்றோடு மனிதன் கொண்ட தொடர்பு இருவகைப்படும். காற்றின் வலுவைப் பற்றிப் பயன்கொள்ளுதல் ஒன்று. அதன் தடையைத் தவிர்த்து ஊடுருவிச் செல்லுதல் மற்றொன்று. பாய்க்கப்பலும் காற்றாலையும் முதல் வகையைச் சார்ந்தவை. அம்பும் ஆகாயவிமானத்தின் உடலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. வேறுவேறாகத் தோன்றும் இவ்விரு முயற்சிகளும் ஒரே இயற்கை விதிக்கு உட்பட்டவை என்பதை விளங்கிக்கொள்வதற்கு, புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமமாகிய மாம்புரி நல்லதொரு தொடக்கமாகும். அங்கே காற்றிலிருந்து பெறப்படும் மின்சாரம் ஒரு மோட்டார் வண்டியின் மின்கலவடுக்கை அடைந்ததும், அதன் பெரும்பகுதியைக் காற்றே மீளவும் பறித்துக்கொள்ள முனைகின்றது.

வைகாசி முதல் புரட்டாதி வரை கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே சோளகக் காற்று கடலிலிருந்து தடையின்றி வீசும். கடற்றொழிலாளர் பாய்விரித்ததும் புத்தளத்து உப்பளங்களில் நீர் வற்றியதும் காற்றின் துணையினாலேயே. இக்காற்றை மின்சாரமாக மாற்றும் முயற்சி இலங்கையில் மிக அண்மைக்காலத்தது. 1999இல் இலங்கை மின்சார சபை அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற்று வலுவுள்ள பரீட்சார்த்த நிலையமொன்றை அமைத்தது. அதன்பின் 2010இல் மாம்புரியில் 10 மெகாவாற்று வலுவுள்ள தொகுதி இயங்கத் தொடங்கியது. இந்நாட்டிலே தனியார் துறையினர் அமைத்த முதற் பெருங் காற்றாலைத் தொகுதிகளுள் அது ஒன்றாகும். இந்தியாவின் சுஸ்லான் நிறுவனம் ஆக்கிய, 1.25 மெகாவாற்று வலுவுள்ள எட்டுக் காற்றாலைகள் அங்கு நிறுவப்பெற்றன. அதே கரையில், அருகேயுள்ள நுரைச்சோலையில், நிலக்கரியால் இயங்கும் லக்விஜய மின்நிலையத்தின் முதற் பிரிவு 2011இல் தொழிற்படத் தொடங்கியது. 2014இல் அந்நிலையம் 900 மெகாவாற்று வலுவுடையதாக நிறைவெய்தியது. காற்றால் வரும் மின்சாரமும் கரியால் வரும் மின்சாரமும் ஒரே கரையிற் பிறந்து ஒரே கம்பியிற் கலக்கின்றன. வண்டிக்கு மின்னேற்றுபவர் அவற்றைப் பிரித்தறிதல் இயலாது.

இனி, மேற்கூறிய பொதுவிதியை நோக்குதல் தகும். காற்றின் கதி இருமடங்கானால் அதிலடங்கிய வலு எட்டு மடங்காகின்றது. காற்று மிகுந்த கரையைத் தேடிக் காற்றாலைகள் செல்வதற்குரிய காரணம் இதுவே. அவ்வலு முழுவதையும் எந்த ஆலையாலும் பற்றமுடியாது என்பதையும், நூற்றுக்கு ஏறக்குறைய 59 பங்கே அதன் மேலெல்லை என்பதையும் 1920இல் ஜேர்மனியரான அல்பேட் பெற்ஸ் நிறுவினார். இதே விதி மோட்டார் வண்டிக்கு எதிர்முகமாகத் தொழிற்படுகின்றது. வண்டியின் கதி இருமடங்கானால், காற்றைத் தள்ளிச் செல்வதற்கு வேண்டிய வலு எட்டு மடங்காகும். நடுத்தரப் பருமனுள்ள ஒரு வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் கதியிற் செல்லும்போது காற்றுத்தடைக்கு ஏறக்குறைய 1 கிலோவாற்றைச் செலவிடுமாயின், 100 கிலோமீற்றர் கதியில் 8 கிலோவாற்றைச் செலவிடும். ஆகவே, ஒருமுறை மின்னேற்றினால் வண்டி ஓடக்கூடிய தூரம், அதாவது அதன் ஓட்டத்தூரம், மின்கலவடுக்கின் கொள்ளளவை மட்டும் பொறுத்ததன்று. வண்டியின் வடிவத்தையும் பொறுத்தது.

இவ்வுண்மை மின்சார வண்டியின் இளமைக் காலத்திலேயே உணரப்பட்டது. 1899 ஏப்ரலில், பாரிசுக்கு அண்மையிலுள்ள அஷேர் என்னுமிடத்தில், பெல்ஜியரான கமில் ஜெனாட்சி செலுத்திய மின்சார வண்டி மணிக்கு 105.88 கிலோமீற்றர் கதியை எய்தியது. வீதியில் ஓடிய வண்டியொன்று நூறு கிலோமீற்றர் எல்லையைத் தாண்டியமை அதுவே முதன்முறை. அதன் உடல் கூர்மையான குண்டு வடிவினது. ஆயினும் செலுத்துநர் உடலுக்கு வெளியே உயர்ந்து அமர்ந்திருந்தார். சில்லுகளும் முற்றாக வெளியே நின்றன. உடலுக்கு வடிவம் வேண்டும் என்பதை அறிந்த அக்காலம், சில்லுக்கும் அது வேண்டும் என்பதைக் கருதவில்லை.

1900ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கப்பட்ட வண்டிகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை மின்சார வண்டிகளே. பெற்றோலின் மலிவும் 1912இல் வந்த மின் தொடக்கியும் இந்நிலையை மாற்றின. எரிபொருள் மலிந்த இடத்தில் காற்றுத்தடை பற்றிய கவலையும் தளர்ந்தது. 1921இல் பேர்லின் கண்காட்சியில் எட்மண்ட் றம்ப்ளர் நீர்த்துளி வடிவ வண்டியொன்றைக் காட்டினார். செப்பலின் ஆகாயக்கப்பல் நிறுவனத்திற் பணியாற்றிய போல் யாராய், அருவிக்கோட்டு வடிவத்தை மோட்டார் வண்டிக்கு வகுத்தளித்தார். றம்ப்ளரின் வண்டியை 1979இல் காற்றுச் சுரங்கத்தில் அளந்தபோது அதன் இழுவைக் குணகம் 0.28 எனக் காணப்பட்டது. அரை நூற்றாண்டின் பின்னும் பெரும்பாலான வண்டிகள் எட்டாத அளவு அது. அறிவு இல்லாமையால் அன்று, தேவை இல்லாமையாலேயே அவ்வடிவம் கைவிடப்பட்டது எனலாம்.

தேவை 1973இல் மீண்டது. அவ்வாண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் காற்றுச் சுரங்கச் சோதனை வண்டி ஆக்கத்தின் இன்றியமையாத படியாயிற்று. 1982இல் வந்த ஔடி 100 வண்டியின் குணகம் 0.30 ஆக அமைந்தது. 1987இல், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் சன்றேசர் என்னும் சூரியவொளி வண்டி, அவுஸ்திரேலியாவை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் போட்டியில் வென்றது. அந்த அனுபவத்தின் வழிவந்த ஈ.வி. 1 என்னும் மின்சார வண்டி 1996இல் வெளிவந்தது. அதன் ஈய அமில மின்கலங்கள் கனமானவை, கொள்ளளவிற் சிறியவை. அக்குறையை ஈடுசெய்யவே அதன் குணகம் 0.19 வரை குறைக்கப்பட்டது. பின்சில்லுகள் உடற்றகட்டினாற் பாதி மறைக்கப்பட்டன. சில்லை மூடும் எண்ணம் சேமிப்பின் வறுமையிலிருந்து பிறந்தது என்பதற்கு இவ்வண்டி தக்க சான்றாகும்.

சில்லு ஏன் இத்துணை முக்கியம் பெறுகின்றது? வண்டியின் மொத்தக் காற்றுத்தடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சில்லுகளாலும் அவற்றைச் சூழ்ந்த குழிகளாலும் விளைவது. உருளும் சில்லின் உச்சிப்பகுதி வண்டியைப்போல் இருமடங்கு கதியில் முன்னோக்கிச் செல்கின்றது. அதன் ஆரைக்கால்களோ விசிறிபோலச் சுழன்று காற்றைக் கலக்குகின்றன. மாம்புரி ஆலையின் இறக்கைகள் காற்றிடமிருந்து சக்தியை வாங்குகின்றன. சில்லின் ஆரைக்கால்கள் வண்டியின் சக்தியைக் காற்றுக்கு ஈந்துவிடுகின்றன. சுழற்சி ஒன்றே, கொடுக்கல் வாங்கல் நேர்மாறானது. சைக்கிளோட்டத்தில் இவ்வுண்மை முன்னரே மெய்ப்பிக்கப்பட்டது. 1984இல் மெக்சிக்கோ நகரில் இத்தாலியரான பிரான்சிஸ்கோ மொசர், ஆரைக்கம்பிகளற்ற வட்டத்தகட்டுச் சில்லுகளைக்கொண்டு ஒருமணிநேரத்தில் 51 கிலோமீற்றரைத் தாண்டினார்.

ஆயினும் மோட்டார் வண்டியில் சில்லை மூடுவதற்குத் தடையொன்று இருந்தது. தடுப்புகள் உராய்வினாற் சூடேறுபவை. அச்சூட்டைத் தணிக்க ஆரைக்கால்களினூடாகக் காற்று வரவேண்டும். மின்சார வண்டி இச்சிக்கலைப் பெரிதும் தளர்த்தியது. அதன் மோட்டார், கதியைக் குறைக்கும் வேளையில் மின்பிறப்பாக்கியாக மாறி, இயக்கசக்தியின் ஒரு பகுதியை மின்கலவடுக்குக்கு மீட்டளிக்கின்றது. உராய்வுத் தடுப்புக்கு வேலை குறைகின்றது. எனவே 2017இல் வந்த டெஸ்லா மொடல் 3 வண்டி, கழற்றக்கூடிய மூடிகளைச் சில்லுகளிற் கொண்டு வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த புதிய சோதனை முறை, தெரிவுசெய்யப்படும் சில்லின் வடிவத்தையும் கணக்கிற் கொண்டது. 2022 ஏப்ரலில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் பரீட்சார்த்த வண்டியொன்று, ஜேர்மனியிலிருந்து பிரான்சின் தென்கரை வரை 1000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே மின்னேற்றத்துடன் கடந்தது. அதன் மின்கலவடுக்கு 100 கிலோவாற்று மணிக்கு உட்பட்டது, குணகம் 0.17, சில்லுகள் மூடப்பட்டவை. பெரிய மின்கலவடுக்கினாலன்றிச் சிறிய தடையினாலேயே அத்தூரம் கைகூடியது.

இவ்வரலாறு இலங்கைக்கு எவ்வகையிற் பொருந்தும் என்பது சிந்திக்கற்பாலது. 2015இல் நிசான் லீஃப் வண்டிகள் பெருமளவில் இங்கு இறக்குமதியாயின. அவ்வாண்டின் இறுதியில் வரி உயர்த்தப்பட்டது. 2020இல் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2025இலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1973இற் கற்ற பாடத்தை இந்நாடு அப்போது கடுமையாகக் கற்றது.

எனினும் மூடிய சில்லை மிகைப்படுத்திப் போற்றுதலும் பொருந்தாது. நகர வீதியில் 50 கிலோமீற்றருக்கு உட்பட்ட கதியில் செல்லும் வண்டிக்குக் காற்றைவிட ரயரின் உருள்தடையே பெரியது. அங்கே மூடியாற் பயன் சொற்பம். 2011இற் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையிலோ, 2013இற் திறக்கப்பட்ட கட்டுநாயக்கப் பாதையிலோ, 100 கிலோமீற்றர் கதியிற் செல்லும்போதே அதன் பயன் புலனாகும். செலவாகும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்குரியதாகவும், மூடியினாற் காற்றுத்தடை நூற்றுக்கு ஆறு பங்கு குறைவதாகவும் கொண்டால், மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்கு பங்கு மீதமாகும். 300 கிலோமீற்றர் ஓடும் வண்டி 312 கிலோமீற்றர் ஓடும்.

தனி வண்டிக்கு இது சிறிய இலாபமே. ஆனால் மின்சாரம் பிறக்குமிடத்திலிருந்து நோக்கின் அதன் பெறுமதி வேறாகும். மாம்புரியின் 1.25 மெகாவாற்று ஆலையொன்று முழு வலுவோடு ஒருமணிநேரம் சுழன்றால் 1250 அலகு மின்சாரம் தரும். 100 கிலோமீற்றருக்கு 15 அலகு வேண்டும் வண்டிகள் அதைக்கொண்டு ஏறக்குறைய 8300 கிலோமீற்றர் ஓடும். நூற்றுக்கு நான்கு பங்கு சிக்கனமானால், அதே ஒருமணிநேரக் காற்று மேலும் 350 கிலோமீற்றர் வரை கொண்டுசெல்லும். கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குச் சென்று மீள அது ஏறத்தாழப் போதுமானது. அச்சிக்கனம் இல்லாதவிடத்து அம்மேலதிக அலகுகள் வேறெங்கிருந்தேனும் வரவேண்டும். சோளகம் ஓய்ந்த நாளில் அவை நுரைச்சோலையின் கரியிலிருந்து வரக்கூடும். அக்கரியின் தூசும் சாம்பலும் பற்றி அயலூர் மக்கள் பன்முறை முறையிட்டுள்ளனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே, ஓட்டத்தூரத்தின் வரலாறு மின்கலத்தின் வரலாறு மட்டுமன்று. அது சிக்கனத்தின் வரலாறுமாகும். அருமை தோன்றிய காலந்தோறும் வடிவம் பேணப்பட்டது. மலிவு வந்த காலந்தோறும் அது மறக்கப்பட்டது. கொள்ளளவு பெருகிய மின்கலங்கள் இன்று மீண்டும் ஒரு மலிவை ஏற்படுத்தி வருகின்றன. பெருத்த உடலும் அகன்ற சில்லும் கொண்ட வண்டிகள் அம்மலிவின் விளைவுகளே. 1920களின் அறிவு அரை நூற்றாண்டு பயன்படாது கிடந்ததுபோல இன்றைய அறிவும் கிடந்துபோகாதிருக்க வேண்டுமாயின், வண்டியின் ஓட்டத்தூரத்தோடு அத்தூரத்துக்குச் செலவாகும் அலகுகளையும் கேட்டறியும் வழக்கம் வாங்குவோரிடமும் வரிவிதிப்போரிடமும் வேரூன்ற வேண்டும். காற்றிலிருந்து அரிதின் ஈட்டிய பொருளைக் காற்றிலேயே இறைத்துவிடாமை, மாம்புரியின் கரையிலிருந்து நோக்குவார்க்கு எளிதில் விளங்கும் அறமாகும்.